ஸ்மார்ட் போர்டு எதற்கு? ஊரிடம் கருத்துக் கேட்கக் கிளம்புகிறவர்களுக்கு ஒரு வழிகாட்டி

"பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டர், டிவி எல்லாம் வைத்துப் பாடம் நடத்துவது நல்லதா?" என்று திருவாரூர்ப் பக்கம் எந்த வீட்டு வாசலில் நின்று கேட்டாலும் "நல்லதுதானே" என்றுதான் பதில் வரும். வீடு தேடி வந்தவர் மனம் கோணக்கூடாது என்று சொல்கிற பதில் அது. அப்படி நூறு பதிலைச் சேர்த்து, பெற்றோர் எல்லோரும் ஆதரவு என்று அறிக்கை எழுதினால் ஊருக்கும் பயனில்லை, பள்ளிக்கும் பயனில்லை.

பி.எட். படிக்கிறவர்கள், கல்லூரியில் ப்ராஜெக்ட் செய்கிறவர்கள், பள்ளி மேலாண்மைக் குழுவுக்குப் புதிதாக வந்த பெற்றோர், இல்லம் தேடிக் கல்வித் தன்னார்வலர்கள் என்று பலர் இந்தக் கேள்வியோடு தெருவில் இறங்குகிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். என் கட்சி ஒன்றுதான்: கையில் செல்போன் இல்லாதவர், டவர் கிடைக்காத தெருவில் இருப்பவர், வேலையை விட்டுவிட்டுப் பள்ளிக் கூட்டத்துக்கு வர முடியாதவர், இவர்களைக் கேட்காத கருத்துக்கணிப்பு அரைகுறைதான். கீழே சொல்லும் முறைகள் எல்லாமே அவர்களிடம் போய்ச் சேருவதற்காகத்தான்.

முதலில் தலைப்பைத் திருத்துங்கள்

பெரும்பாலான ப்ராஜெக்ட் தாள்களில் "கல்வியில் தொழில்நுட்பத்தை ஏன் பயன்படுத்த வேண்டும்?" என்றுதான் தலைப்பு இருக்கும். அறிக்கையின் அட்டையில் அது இருந்துவிட்டுப் போகட்டும். கேள்வித்தாளில் அப்படியே போடாதீர்கள். "பயன்படுத்த வேண்டும்" என்பதை நீங்களே முடிவுசெய்துவிட்டு, காரணத்தை மட்டும் கேட்பதாக ஆகிவிடும். வேண்டாம் என்று நினைப்பவர் வாயைத் திறக்கவே மாட்டார். "எதற்குப் பயன்படுகிறது, எதற்குப் பயன்படவில்லை, யாருக்குக் கிடைக்கவில்லை" என்று மூன்றாகப் பிரித்துக்கொள்ளுங்கள்.

2023இல் யுனெஸ்கோ வெளியிட்ட உலகக் கல்விக் கண்காணிப்பு அறிக்கை முழுக்க இந்த விஷயத்தைப் பற்றியதுதான். எந்தக் கருவியைக் கொண்டுவந்தாலும் அது பொருத்தமானதா, எல்லோருக்கும் சமமாகக் கிடைக்கிறதா, பெரிய அளவில் செய்ய முடியுமா, நீடித்து நிற்குமா என்று நான்கு கேள்வி கேட்கச் சொல்கிறது. நம் ஊருக்கும் அது அப்படியே பொருந்துகிறது. நீடித்து நிற்குமா என்பதை டெல்டாவில் கட்டாயம் கேட்க வேண்டும். 2018 நவம்பர் 16 அன்று வேதாரண்யம் அருகே கஜா புயல் கரையைக் கடந்த பிறகு எத்தனையோ ஊர்களில் வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. கரண்ட் போனால் பாடமும் நின்றுவிடுமா என்று அங்குள்ள ஓர் அம்மா கேட்டால் அதைச் சும்மா கேட்ட கேள்வி என்று தள்ளிவிடாதீர்கள், எழுதிக்கொள்ளுங்கள்.

அடுத்து, இந்தப் பதில்களை வைத்து யார் என்ன முடிவெடுக்கப்போகிறார்கள் என்பதை ஒரே வரியில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். "எட்டாம் வகுப்புக்கு வாட்ஸ்அப்பில் வீட்டுப்பாடம் அனுப்புவதைத் தொடரலாமா என்று பள்ளி மேலாண்மைக் குழு முடிவெடுக்க" என்பது போல. அந்த முடிவுக்கு உதவாத கேள்வியை எல்லாம் அடித்துவிடுங்கள்.

பொருளைக் காட்டிக் கேளுங்கள்

தொழில்நுட்பம் என்று பொதுவாகக் கேட்டால் ஒருவருக்குப் பேரன் பார்க்கும் ரீல்ஸ் நினைவுக்கு வரும், இன்னொருவருக்குப் பள்ளியின் ஹைடெக் லேப். இரண்டு பதிலையும் ஒரே பெட்டியில் போட்டால் என்ன மிஞ்சும்? கிளம்புவதற்கு முன்னால் அந்தப் பள்ளியில் உண்மையில் என்ன இருக்கிறது என்று ஒரு பட்டியல் போடுங்கள். தமிழ்நாட்டு அரசுப் பள்ளி என்றால் இவற்றில் சில இருக்கும்: தொடக்கப் பள்ளியில் ஸ்மார்ட் வகுப்பறை, உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளில் உயர் தொழில்நுட்ப ஆய்வகம், 2018இல் வந்த புதிய பாடநூல்கள் முதல் அச்சாகிவரும் கியூ.ஆர். குறியீடு, 2019 ஆகஸ்டில் தொடங்கிய கல்வித் தொலைக்காட்சி, பாடங்களைக் காணொளியாகக் காட்டும், 2023இல் வந்த மணற்கேணி செயலி, ஆசிரியர் கையில் இருக்கும் டேப்லெட், அப்புறம் அரசு திட்டம் எதுவும் இல்லாமலே எல்லா ஊரிலும் முளைத்துவிட்ட வகுப்பு வாட்ஸ்அப் குழு.

இந்த வருஷங்கள் தெரிந்திருப்பது நல்லது. 2011இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் அண்ணன் லேப்டாப் வாங்கிய வீடும், கொரோனாக் காலத்தில்தான் முதல் ஸ்மார்ட்போனைக் கடன் வாங்கி எடுத்த வீடும் ஒரே மாதிரி பேசாது. 2020 மார்ச்சில் பள்ளிகள் மூடி, கீழ் வகுப்புகள் 2021 நவம்பரில்தான் திறந்தன. அந்த இடைவெளியின் கசப்பு இன்னும் பல வீடுகளில் இருக்கிறது. "அப்போது எப்படி இருந்தது" என்று ஒரு கேள்வி, "இப்போது எப்படி இருக்கிறது" என்று இன்னொரு கேள்வி எனத் தனித்தனியாகக் கேட்டால்தான் பழைய கோபம் இன்றைய ஸ்மார்ட் போர்டின் தலையில் விழாமல் இருக்கும்.

பட்டியலில் மூன்று அல்லது நான்கு பொருள் போதும். போகும்போது பாடப்புத்தகத்தைக் கையில் எடுத்துப்போங்கள். கியூ.ஆர். குறியீடு என்று வாயால் சொன்னால் புரியாதவர்கூட, பக்கத்தைத் திறந்து "இந்தக் கட்டத்தைப் பாப்பா போன்ல காட்டிப் பாத்திருக்கா?" என்று கேட்டால் உடனே பதில் சொல்லிவிடுவார்.

அனுமதி

பள்ளிக்குள் போய் மாணவர்களைக் கேட்பதென்றால் தலைமையாசிரியரிடமும், அவர் சொல்கிறபடி மாவட்ட முதன்மைக் கல்வி அலுவலகத்திலும் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் 18 வயது நிரம்பாத எல்லோரும் குழந்தைகள்தான். பிள்ளையிடம் கேட்பதற்கு முன் பெற்றோரிடம் கேளுங்கள், அப்புறம் பிள்ளையிடமும் "சொல்றியா, வேணாமா" என்று கேளுங்கள். பெயர், போன் நம்பர், சாதி எதுவும் தாளில் ஏறக்கூடாது. வீட்டுக்கு ஒரு எண் போதும்.

யாரைக் கேட்பது

புதியவர்கள் அதிகம் சறுக்குவது இங்கேதான். கூகுள் படிவம் ஒன்று செய்து, வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டால் ஒரே ராத்திரியில் 200 பதில் வந்துவிடும். வந்த 200ம் போன் உள்ளவர்கள், நெட் உள்ளவர்கள், படிவம் நிரப்பத் தெரிந்தவர்கள் போட்டவை. கல்விக்குத் தொழில்நுட்பம் தேவையா என்ற கேள்வியை ஏற்கெனவே தொழில்நுட்பம் கைவந்தவர்களிடம் மட்டும் கேட்ட கதையாகிவிடும்.

எண்ணிக்கை இந்தக் கோளாறைச் சரிசெய்யாது. 1936 அமெரிக்கத் தேர்தலின்போது லிட்டரரி டைஜஸ்ட் என்ற பத்திரிகை, டெலிபோன் புத்தகத்திலிருந்தும் கார் வைத்திருப்பவர்கள் பட்டியலிலிருந்தும் முகவரி எடுத்து சுமார் 1 கோடிப் பேருக்கு அட்டை அனுப்பியது. 20 லட்சத்துக்கும் மேற்பட்ட பதில் வந்தது. குடியரசுக் கட்சி வேட்பாளர் லாண்டன் ஜெயிப்பார் என்று அறிவித்தார்கள். அவரை எதிர்த்து நின்ற அதிபர் ரூஸ்வெல்ட் 48 மாநிலங்களில் 46ஐ அள்ளிக்கொண்டு போனார். அதே தேர்தலில் கருத்துக்கணிப்பாளர் ஜார்ஜ் கேலப், எல்லாத் தரப்பும் வருகிற மாதிரி சுமார் 50,000 பேரை மட்டும் கேட்டு, வெற்றி யாருக்கு என்பதைச் சரியாகச் சொன்னார்.

நமக்கு அவ்வளவு பேர்கூட வேண்டாம். ஒரு மோட்டாக் கணக்கு இருக்கிறது: கேட்கும் ஆட்களின் எண்ணிக்கைக்கு வர்க்கமூலம் எடுத்து, 1ஐ அதால் வகுத்தால் எவ்வளவு முன்னே பின்னே போகும் என்று தெரியும். 100 பேர் என்றால் 10 சதவீதம் இப்படி அப்படி. 400 பேர் என்றால் 5 சதவீதம். ஒரு பள்ளிக்கு 100 வீடு தாராளம். ஆனால் அந்த 100ஐ நீங்களோ ஊர்ப் பெரியவரோ கைகாட்டக் கூடாது. வருகைப் பதிவேட்டை எடுங்கள். 400 பிள்ளைகள் என்றால் நான்குக்கு ஒன்று. முதல் நால்வரில் யார் என்பதற்குச் சீட்டுப் போட்டு, அங்கிருந்து நான்கு நான்காகத் தள்ளிக் குறித்துக்கொண்டே வாருங்கள். குறித்த வீடு பூட்டியிருந்தால் பக்கத்து வீட்டுக்குத் தாவாதீர்கள். வேறொரு நாள், வேறொரு நேரம், மறுபடி அதே வீடு. பூட்டியிருக்கும் வீடுதான் பெரும்பாலும் வேலைக்குப் போன வீடு, அவர்கள் குரல்தான் நமக்குக் குறைகிறது.

பதிவேடு கிடைக்காமல் தெருத் தெருவாகப் போவதென்றால் ஊரின் எல்லாத் தெருவையும் முதலில் காகிதத்தில் வரைந்துகொள்ளுங்கள். அக்கிரகாரமும் கடைத்தெருவும் குடியானத் தெருவும் மட்டும் ஊரில்லை. காலனித் தெரு, வாய்க்கால் கரைக் குடிசைகள், கொள்ளிடத்துக்குள் இருக்கும் திட்டுக் கிராமங்கள், தரங்கம்பாடி பூம்புகார்ப் பக்கத்து மீனவர் குடியிருப்புகள் எல்லாம் அந்தப் படத்தில் இருக்க வேண்டும். பஸ்ஸை விட்டு இறங்கிய இடத்திலேயே கணக்கு முடிந்துவிடும் பழக்கம் நம் ஆய்வுகளில் ரொம்ப நாளாக இருக்கிறது. அது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தரும் விஷயம்.

வீட்டில் யாரைக் கேட்பது? அப்பா சிங்கப்பூரிலோ வளைகுடாவிலோ, அம்மா அப்பா இருவரும் திருப்பூரிலோ இருக்கும் வீடுகள் இங்கே ஏராளம். பிள்ளையைப் படிக்கச் சொல்லி உட்கார வைப்பது யாரோ அவரைக் கேளுங்கள். பல வீடுகளில் அது அப்பாயியாகவோ அம்மாச்சியாகவோ இருக்கும்.

ஆசிரியர்களை விட்டுவிடாதீர்கள். ஆனால் அவர்களுக்குத் தனித் தாள். அதில், போன வாரம் எத்தனை பீரியட் ஸ்மார்ட் போர்டில் பாடம் நடந்தது, எமிஸில் (பள்ளி விவரங்களை ஏற்றும் அரசு இணையதளம்) விவரம் ஏற்ற எவ்வளவு நேரம் போனது என்று இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் கேளுங்கள். பாடத்துக்குக் கொடுத்த டேப்லெட் எதற்கு அதிகம் பயன்படுகிறது என்று அதிலேயே தெரிந்துவிடும்.

கேள்வி எழுதுவது

பெரும்பாலான தாள்களில் "முழுமையாக ஏற்கிறேன், ஏற்கிறேன், நடுநிலை, ஏற்கவில்லை, முற்றிலும் ஏற்கவில்லை" என்ற ஐந்து கட்டம் இருக்கும். 1932இல் ரென்சிஸ் லைகர்ட் என்ற உளவியலாளர் வகுத்துத் தந்த முறை அது. கல்லூரி மாணவருக்கு அது சரி. நடவுக்குப் போய்விட்டு வந்து திண்ணையில் உட்கார்ந்திருக்கும் அக்காவிடம் "நடுநிலை" என்று வாசித்தால் அவர் முகத்தைப் பார்த்தே தெரிந்துவிடும். பேச்சுவழக்கிலேயே கட்டம் போடுங்கள்: ரொம்ப உதவுது, கொஞ்சம் உதவுது, உதவல, கெடுதல்தான் பண்ணுது. ஐந்தாவதாக "நான் பாத்ததே இல்ல" என்பதைக் கட்டாயம் சேருங்கள். அந்தக் கட்டம் இல்லாவிட்டால் பார்க்காதவர்களும் மரியாதைக்கு "கொஞ்சம் உதவுது" என்றுவிடுவார்கள்.

ஒரு கேள்வியில் ஒரு விஷயம்தான். "ஸ்மார்ட் போர்டும் கல்வித் தொலைக்காட்சியும் பயனுள்ளதா?" என்றால் ஒன்று பிடித்து ஒன்று பிடிக்காதவர் என்ன சொல்வார்? "அடிக்கடி" என்று கேட்காமல் "போன ஏழு நாளில் எத்தனை நாள்" என்று கேளுங்கள். எல்லா வாக்கியமும் புகழ்ச்சியாகவே இருந்தால் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டிக்கொண்டே போய்விடுவார்கள். அதனால் "போன்ல படிக்கச் சொன்னதால பிள்ளை விளையாட்டுப் பக்கம் போயிடுது" என்பது மாதிரி எதிர்ப்பக்க வாக்கியங்களையும் நடுநடுவே கலந்துவிடுங்கள்.

"இருக்கிறதா" என்ற கேள்வி மட்டும் போதாது என்பதற்கு, வேதாரண்யம் பக்கக் கடற்கரை ஊர் ஒன்றில் நடந்த பேச்சைத் தருகிறேன்.

"வீட்ல டச் போன் இருக்காக்கா?"

"இருக்குப்பா."

"ராத்திரி ஏழு மணிக்கு அது யாருகிட்ட இருக்கும்?"

"அவருகிட்டதான். கடலுக்குப் போனா கூடவே போயிரும்."

"அப்ப வாத்தியார் வாட்ஸ்அப்ல அனுப்புற வீட்டுப்பாடத்தப் பாப்பா எப்பக்கா பாக்கும்?"

"மறுநா காலைல கூட்டாளிகிட்ட கேட்டு எழுதிக்கும். லேட்டாயிட்டா டீச்சர்கிட்ட திட்டு வாங்கும்."

முதல் கேள்வியோடு நிறுத்தியிருந்தால் அந்த வீடு "ஸ்மார்ட்போன் உள்ள வீடு" என்று கணக்கில் ஏறியிருக்கும். இரண்டாவது கேள்விதான் உள்ளபடி என்ன என்று காட்டியது. ரீசார்ஜ் பற்றியும் இதே மாதிரி கேட்க வேண்டும்: கடைசியாக நெட் தீர்ந்தபோது எத்தனை நாள் கழித்துப் போட்டீர்கள் என்று.

ஒன்றை விட்டுத்தான் இன்னொன்று கிடைக்கும் என்கிற மாதிரி ஒரு கேள்வியும் வையுங்கள். "இந்தப் பள்ளிக்கு இன்னொரு கணக்கு வாத்தியார் வேணுமா, இன்னொரு ஸ்மார்ட் போர்டு வேணுமா? ஒண்ணுதான் கிடைக்கும்னா?" இலவசமாக எல்லாம் வேண்டும் என்று சொல்வது சுலபம். இந்தக் கேள்விக்குத்தான் மக்கள் நின்று யோசித்துப் பதில் சொல்வார்கள்.

கடைசியாக, திறந்த கேள்வி ஒன்று: "ஏன் அப்படி நினைக்கிறீங்க?" பதிலை அவர் சொன்ன சொல்லிலேயே எழுதுங்கள். "கண்ணால பாத்தா மனசுல நிக்குது" என்று சொன்னதைக் "காட்சிவழிக் கற்றலால் நினைவாற்றல் மேம்படுகிறது" என்று மாற்றி எழுதினால் அது உங்கள் கருத்தாகிவிடும்.

மொத்தம் 12 கேள்விக்கு மேல் போகவேண்டாம். தாள் தயாரானதும் பட்டியலில் இல்லாத பத்துப் பேரிடம் வாசித்துப் பாருங்கள். எந்தக் கேள்வியில் "என்னது?" என்று திரும்பக் கேட்கிறார்களோ அதை மாற்றுங்கள்.

எப்போது போவது

டெல்டாவில் பயிர்தான் நாள்காட்டி. ஜூன் 12இல் மேட்டூர் திறந்த வருஷம் என்றால் ஜூன் ஜூலையில் குறுவை நடவு, பகலில் தெருவில் ஆள் இருக்காது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை, தெருவே நடக்க முடியாமல் கிடக்கும். சம்பா அறுவடை ஜனவரி, பிப்ரவரி. அறுவடை ஓய்ந்து ஆண்டுத் தேர்வு தொடங்குவதற்குள் கிடைக்கும் சில வாரங்கள் வசதியானவை. அப்போதும் நெல்லைப் போட்டுவிட்டுக் கொள்முதல் நிலையத்தில் காவல் கிடக்கும் ஆண்கள் வீட்டில் இருக்க மாட்டார்கள். கடலோரத்தில் விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், அந்தப் படகுகளில் போகிறவர்கள் வீட்டில் இருப்பார்கள். நூறு நாள் வேலை நடக்கும் ஊரில் வேலையிடத்துக்கே போய்க் கூட்டமாகக் கேட்காதீர்கள். ஒருவர் சொன்னதையே மற்றவர்களும் சொல்வார்கள்.

வாசலில்

அந்தப் பள்ளி ஆசிரியர் அந்தப் பள்ளிப் பெற்றோரிடம் கேட்கக் கூடாது. பக்கத்து ஊர் ஆளை அனுப்புங்கள். பெண்கள் இருக்கும் வீட்டுக்குப் பெண் ஒருவர் கூடப் போவது நல்லது. போனதும் யார், எந்தக் கல்லூரி, எதற்கு என்று சொல்லுங்கள். "இதனால பணமோ லேப்டாப்போ எதுவும் வராது" என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் திட்டத்துக்குப் பெயர் எழுத வந்ததாக நினைத்துப் பதில் சொல்வார்கள். "இஷ்டமில்லன்னா வேணாம்மா, இடையில நிறுத்திக்கலாம்" என்பதும் முக்கியம்.

பிள்ளையைத் தனியாகக் கேளுங்கள். அம்மா பக்கத்தில் இருந்தால் எந்தப் பிள்ளையும் போனில் விளையாடுவதாகச் சொல்லாது. தனியாக என்றால் கண்ணுக்கு எட்டும் தூரத்தில் அம்மா, காதுக்கு எட்டாத தூரத்தில் பேச்சு.

பதிலைத் தாளில் எழுதலாம். போனில் ஏற்றுவதென்றால் கோபோ டூல்பாக்ஸ் மாதிரியான செயலிகளில் டவர் இல்லாத இடத்திலும் பதிவுசெய்துகொண்டு, டவுனுக்கு வந்து அனுப்பலாம். கேள்விகளைத் தமிழிலேயே போடவும் முடியும்.

எண்ணுவதும் சொல்வதும்

மொத்தச் சதவீதத்தை முதலில் போடாதீர்கள். எடுத்துக்காட்டுக்கு ஒரு கணக்கு. 100 வீட்டில் 70 வீட்டில் சாயங்காலம் போன் பிள்ளை கைக்கு வருகிறது, 30இல் வரவில்லை. வாட்ஸ்அப் வீட்டுப்பாடம் உதவுகிறது என்று அந்த 70இல் 56 பேர் சொல்கிறார்கள், 30இல் 6 பேர். கூட்டினால் 62 சதவீதம், பெரும்பான்மை ஆதரவு. பிரித்தால் ஒரு பக்கம் 80, இன்னொரு பக்கம் 20. பள்ளி மேலாண்மைக் குழுவுக்குத் தேவை இந்த இரண்டாவது கணக்குதான். போன் இருப்பது இல்லாதது, தெரு, ஆண் பிள்ளை பெண் பிள்ளை என்று மூன்று விதமாகவாவது பிரித்துப் பாருங்கள். பிரித்த ஒரு பங்கில் ஆட்கள் 30க்கும் கீழே போனால் சதவீதம் போடாமல் "22 பேரில் 15 பேர்" என்று எழுதுங்கள்.

"ஏன்" பதில்களை முதலில் ஒரு முப்பதை வாசித்துவிட்டு, அவற்றிலிருந்தே தலைப்புகளை எடுங்கள். புரியுது, டவுன் பிள்ளைகளுக்குச் சமமா வரணும், வேலைக்கு வேணும், கண்ணு கெடுது, செலவு, வாத்தியார் பேசுறது குறைஞ்சுபோச்சு என்று தானாகவே பிரிந்து வரும். இரண்டு பேர் தனித்தனியாகப் பிரித்து ஒப்பிட்டுப் பாருங்கள். எங்கே முரண்படுகிறதோ அந்தப் பதிலை மறுபடி வாசியுங்கள்.

அறிக்கையில் எத்தனை வீடு குறித்தோம், எத்தனை வீட்டில் பதில் கிடைத்தது, எந்தத் தெருவில் கிடைக்கவில்லை என்பதை முதல் பக்கத்திலேயே எழுதுங்கள்.

பிறகு முடிவை ஊருக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டும். ஒரே பக்கத்தில், பெரிய எழுத்தில், தமிழில். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் வாசியுங்கள். கிராம சபை ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. ஊராட்சியில் முன்கூட்டியே சொல்லி வைத்தால் அங்கேயும் ஐந்து நிமிஷம் கிடைக்கும். கூட்டத்துக்கு வராத தெருக்களுக்கு, நீங்கள் கேள்வி கேட்கப் போன அதே சாயங்கால நேரத்தில் தாளோடு போய், ரேஷன் கடை வாசலிலோ அங்கன்வாடிச் சுவரிலோ கேட்டுக்கொண்டு ஒட்டிவிட்டு, வாசிக்கத் தெரியாதவர்களுக்கு வாசித்துக் காட்டிவிட்டு வாருங்கள்.